ஈரும் பேனும்: ஒரு விளையாட்டின் அறக்கட்டம்

"மாமா, ஏன் யோசிக்கிறீங்க? அதுங்க ஈவில். சீட்டுலயே போட்டிருக்கு" என்றான் அக்கா மகன். மேசைமேல் 20 முகப் பகடை. என் பாத்திரம் ஒரு பாலடின். புனித வீரன். தெரிந்தே தீமை செய்தால் அவன் சக்தி போய்விடும் என்பது விதி. குகைக்குள் காப்ளின் ஆண்களை வெட்டியாயிற்று. மிச்சமிருப்பது சண்டை போடாத பெண்களும் பிள்ளைகளும். 'குட்டிங்க' என்றுதான் அவன் சொன்னான். இது அவன் இட்டுக்கட்டியதல்ல. கேரி கைகாக்ஸ் எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லாண்ட்ஸ்' பிரதியிலேயே இருக்கிறது.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் வெளியிட்ட விளையாட்டு. ஒருவர் கதை சொல்லி நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடுவது. ஒவ்வொரு உயிருக்கும் ஒரு 'அலைன்மென்ட்' உண்டு. அறச்சார்பு என்று சொல்லலாம். முதலில் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என மூன்றே. பால் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் நாவல்களிலிருந்து எடுத்தது. அங்கே அது ஒரு போரில் யார் எந்தப் பக்கம் என்கிற விஷயம். 1977-78இல் நன்மை, தீமை என்கிற அச்சும் குறுக்கே ஓட, ஒன்பது கட்டமானது. ஆடுகிறவருடைய பாத்திரத்துக்கு இது தேர்வு. காப்ளினுக்கோ அச்சடித்து வந்த பிறப்புக் குறிப்பு.

இதைத் தீமை பற்றிய விவரணை என்பதாக நாம் வாசிக்கிறோம். எனக்கு இது கொல்லப்போகிறவன் கையில் முன்கூட்டியே கொடுக்கப்பட்ட அனுமதிச் சீட்டாகவே படுகிறது. பாலடின் பற்றிய இதே கேள்வியை 2005இல் கைகாக்ஸிடமே கேட்டார்கள். ஈர்தானே பேனாகிறது என்கிற பழமொழி இதற்கும் பொருந்தும் என்றார். சரணடைந்து, தீமையைக் கைவிட்டு நல்லவர் பக்கம் வந்துவிட்ட கைதியையும் கொல்லலாமாம், மறுபடி வழுக்கிவிடுவதற்குள் மேலுலகம் அனுப்பிவிடுவதற்காக! ஈர், பேன் என்ற அந்தச் சொல்லைக் கர்னல் ஜான் சிவிங்டனோடு சேர்த்தே அமெரிக்கர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1864 நவம்பர் 29, கொலராடோவின் சாண்ட் கிரீக். ஷயான், அரபாஹோ மக்கள் சுமார் 230 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். சிவிங்டன் ஒரு மதப் பிரசங்கியும்கூட. கைகாக்ஸ் அந்தப் பெயரைத் தெரிந்தேதான் சொன்னார். அந்தப் பிரதியின் தலைப்பில் 'எல்லைப்புறம்' என்ற சொல் சும்மா வந்து உட்கார்ந்துவிடவில்லை.

நம்ம ஊர் ஆளும் இதில் உண்டு. 1977இல் வந்த மான்ஸ்டர் மேனுவலில் இந்தியாவின் ராட்சசன் 'லாஃபுல் ஈவில்' கட்டத்தில் நிற்கிறான். அதை அடித்துவிட்டு 'குட்' என்று எழுதினால் முடிந்ததா? புலவர் குழந்தை 1946இல் இராவண காவியத்தில் செய்தது வெறும் பெயர் மாற்றமல்ல. கதை யார் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது என்பதையே அவர் மாற்றினார்.

நிறுவனமும் மாறத்தான் செய்தது. ஆர்க், டிரௌ போன்றோரைக் காட்டிய விதம் நிஜமான இனக்குழுக்கள் இழிவுபடுத்தப்பட்டதை நினைவூட்டுவதாக விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 2020இல் ஒப்புக்கொண்டது. 2024 விதிநூலில் 'ரேஸ்' போய் 'ஸ்பீஷிஸ்' வந்தது. ஆனால் 2025 மான்ஸ்டர் மேனுவலில் நோல் என்னும் கழுதைப்புலி மனிதர்கள் 'ஃபீண்ட்' வகைக்குப் போய்விட்டார்கள், அதாவது பேய்க் கணத்துக்கு. மனிதரைப் போன்றவர் என்ற வகையிலிருந்தே வெளியே தள்ளியாயிற்று. கொல்லத்தக்க மற்றமை இல்லாமல் ஆட்டம் நகராது போல. பழைய விதியில் குகையிலிருந்து தூக்கி வந்த ஒரு பொற்காசுக்கு ஒரு அனுபவப் புள்ளி. கொள்ளைதான் அங்கே வளர்ச்சி. அறச்சார்பு அந்தக் கணக்குக்குத் துணை.

அடுத்த ஞாயிறு அக்கா மகன் அந்தக் கட்டத்தை அடித்துவிட்டான். காசுக்குப் புள்ளி கிடையாது, கொன்றாலும் கிடையாது என்றான். எல்லோரும் சரி என்றோம். பகடையை எடுத்த ஒருவர், "அப்ப எதுக்குப்பா குகைக்குள்ள போறோம்?" என்று கேட்டார். அரைமணி நேரம் அதையே பேசிக்கொண்டிருந்தோம். பகடை உருளவே இல்லை.