புதைகுழியில் ஈட்டி இருந்தால் அது ஆணின் குழியா? தெரியுமா உங்களுக்கு?

பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில், ஏறத்தாழ 3,900 மீட்டர் உயரத்தில், விலமாயா பாட்சா என்று ஓர் இடம். 2018இல் அங்கே 9,000 ஆண்டுப் பழைய புதைகுழி ஒன்றைத் தோண்டினார்கள். எலும்புக்கூட்டின் தொடையருகே, பையில் போட்டு வைத்ததுபோல ஒரே குவியலாக, ஈட்டி முனைகள், தோல் சுரண்டும் கற்கள், அறுக்கும் கற்கள், காவிக்கட்டி! யாரோ பெரிய வேட்டைக்காரன் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பல் எனாமலில் இருந்த புரதத்தைச் சோதித்தால், பெண்! வயது 17லிருந்து 19க்குள்.

அதோடு விட்டார்களா? அமெரிக்கக் கண்டங்களில் அதற்கு முன் தோண்டிய பழங்காலக் குழிகளின் குறிப்புகளையும் புரட்டினார்கள். வேட்டைக் கருவிகளோடு புதைக்கப்பட்டவர்கள் 27 பேர். அவர்களில் 11 பேர் பெண்கள்! ஆண் வேட்டைக்குப் போனான், பெண் குகைக்குள் அடுப்பு ஊதினாள் என்று நாம் படித்த கதை என்ன ஆவது?

சுவீடனின் பிர்காவில் நடந்தது இன்னும் விசேஷம். 1878இல் கிடைத்த வைக்கிங் கல்லறை அது. வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், கேடயங்கள், இரண்டு குதிரைகள், ஆட்டக்காய்கள். 'மாவீரன்' என்று எழுதி வைத்தார்கள். 2017இல் டிஎன்ஏ சோதனை சொன்னது: பெண்! உடனே கிளம்பியது பாருங்கள் கேள்வி: 'அந்த ஆயுதங்கள் அவளுடையவைதானா?' ஆண் என்று நம்பிய ஏறத்தாழ 140 ஆண்டுகளில் இந்தச் சந்தேகம் எழவே இல்லை. பாரபட்சத்தை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வுக்கூடத்திலும் பார்க்க முடியாது என்றே நான் சொல்வேன்.

அப்படியானால் இந்த ஆண்-பெண் ஏற்றத்தாழ்வு எங்கேதான் வேர்விட்டது? நம்ப மாட்டீர்கள், பலர் கைகாட்டுவது ஏர்க்கலப்பையை! டென்மார்க்கில் பிறந்த பொருளியல் அறிஞர் எஸ்டர் போசரப் 1970இலேயே இதை எழுதினார். மண்வெட்டியாலும் கொத்தாலும் பயிர் செய்த சமூகங்களில் பெண்ணும் விவசாயிதான்; பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலை பார்க்கலாம். மாடு பூட்டிய கலப்பைக்குத் தோள்வலு வேண்டும், நடுவில் விட்டுவிட்டு வர முடியாது. வயல் ஆணின் கைக்குப் போனது, வயலோடு சொத்தும் சொல்லும் போயின. 2013இல் மூன்று பொருளியலாளர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கலப்பை பூட்டிய முன்னோரின் வழிவந்தவர்களிடம் 'வேலை ஆணுக்கே முதலில்' என்ற எண்ணம் இன்றும் கூடுதலாக இருக்கிறதாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிறந்து, கலப்பையைக் கண்ணாலும் பார்த்திராத பிள்ளைகளிடமும்கூட! நம் வயலிலும் நாற்று நடவும் களையெடுப்பும் பெண்ணுக்கு, ஏர்ப்பிடி ஆணுக்கு என்றுதானே வைத்திருந்தோம்? கலப்பை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சொத்து என்று ஒன்று வந்ததும், அது யார் பிள்ளைக்கு என்ற கேள்வியும் கூடவே வந்தது. பெண்ணுக்குக் காவலும் வந்தது.

அந்தக் காவல் எப்படிச் சட்டமானது தெரியுமா? 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய அசீரியக் களிமண் பலகைகளில் விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். குடும்பப் பெண் வெளியே வந்தால் தலையை மூட வேண்டும். விலைமகள் மூடவே கூடாது. மூடினால் பிடித்து அரண்மனை வாசலுக்கு இழுத்து வந்து 50 கம்படி, தலையில் கீல் ஊற்றுவது! அடிமைப் பெண் மூடினால் காதை அறுப்பார்கள். அதைப் பார்த்தும் காட்டிக் கொடுக்காமல் விட்ட ஆணுக்கும் 50 அடி, காதைத் துளைத்துக் கயிறு கோத்துக் கட்டுவது, ஒரு மாதம் அரசனுக்கு வெட்டி வேலை. பெண்களை இரண்டு கட்சியாகப் பிரித்தார்கள். வேவு பார்க்கும் வேலையை ஊரிடமே கொடுத்தார்கள்!

அறிஞர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? பெண்ணுக்கு ஆணைவிடப் பற்கள் குறைவு என்று எழுதினார் அரிஸ்டாட்டில். அதெல்லாம் பழங்கதை என்பீர்களானால், இதோ: பிரான்சில் மணமான பெண் கணவன் சம்மதமில்லாமல் வங்கிக் கணக்குத் தொடங்க முடிந்தது 1965இல்தான். சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு நாடளாவிய ஓட்டுரிமை 1971இல். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் 1984இல்!

நம் நாட்டுக் கதையையும் கேளுங்கள். சென்னையில் படித்த குடகுப் பெண் சி.பி. முத்தம்மா, இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். கல்யாணம் செய்துகொள்ளப் பெண் அதிகாரி அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலையைக் கெடுக்கும் என்று அரசு கருதினால் ராஜினாமா செய்ய வேண்டும் என்று அங்கே விதி இருந்தது. ஆண் அதிகாரிக்கு அப்படி ஒன்றும் கிடையாது! தூதராகவே இருந்தவருக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட, முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் கேட்டார்: பெண்ணுக்குக் குடும்பம் இடைஞ்சல் என்றால் ஆணுக்கு மட்டும் இல்லையா?

சொத்துக்கு வருவோம். பெண்ணுக்கும் சமப் பங்கு வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929இல். தமிழ்நாட்டில் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று சட்டம் வந்தது 1989இல். அறுபது ஆண்டுகள்! அப்போதும், சட்டம் வருமுன் கல்யாணமான மகள்களுக்குப் பங்கில்லை என்று ஒரு வரி. அவர்களுக்கும் வழி திறந்தது 2005இல், மத்தியச் சட்டத் திருத்தத்தில்.

ஆனாலும் பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். "சீர்செனத்தியெல்லாம் செஞ்சாச்சுல்லக்கா, இதுல ஒரு கையெழுத்து" என்று தம்பி நீட்டுவார். அதன் பெயர் விடுதலைப் பத்திரம். அக்கா கையெழுத்து எதற்கு? அந்தச் சொத்தில் அவருக்குப் பங்கு இருக்கிறது என்பதால்தான்!