காசுக்கும் தோல் உண்டு

பேரணாம்பட்டில் பதனிட்ட தோலைத் தரம் பிரிப்பவர் அதை வெளிச்சத்தில் சாய்த்து, விரலால் தடவிப் பார்ப்பார். கீறலும் தழும்பும் மேல்பரப்பிலேயே தெரிந்துவிடும். பழைய செப்புக்காசு சேர்ப்பவர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். தடவ மட்டும் மாட்டார். விளிம்பைப் பிடித்துத்தான் தூக்குவார். ஏனென்றால் காசுக்கும் ஒரு தோல் உண்டு. விலையில் பெரும்பங்கு அதற்குத்தான்.

அச்சிட்ட அன்று செம்பு இளஞ்சிவப்பு. காற்றும் ஈரமும் பட்டுப்பட்டு அதன்மேல் செம்பழுப்பு, பிறகு கரும்பழுப்பு என்று ஒரு காலப்படலம் (உலோகத்தின் மேல் ஆண்டுக்கணக்கில் தானாகப் படியும் வேதிப்போர்வை) வளர்கிறது. தலைமுடியைவிட மெல்லியது, ஆனாலும் அடியிலுள்ள செம்பைக் காப்பது அதுதான்.

இன்னொரு விந்தை. அச்சு ஓங்கி விழும் நொடியில் செம்பு நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத ஆரக்கால் கோடுகளாக உறைந்துபோகிறது. புழங்காத காசைச் சாய்த்தால் வண்டிச்சக்கரம்போல் ஒளி சுற்றுவது இதனால்தான்.

இப்போது செப்புக்குடம் துலக்குகிற புளியைக் காசுக்கும் போடுங்கள். புளியின் அமிலம் படலத்தைக் கரைத்துவிடும். கூடவே அழுத்தித் தேய்த்தால் கோடுகளும் போச்சு. காசு பளபளக்கும், விலை விழும். பாட்டி பெட்டியில் கிடந்த எத்தனை நல்ல காசுகள் இப்படி விற்பனைக்கு முதல்நாள் 'குளித்து' வீணாகியிருக்கும்!

காசைப் போட்டுவைக்கத் தோல் பர்ஸும் ஆகாது. தோல் வளைந்துகொடுக்க எண்ணெயும் கொழுப்பும் ஏற்றுவார்கள். அந்தக் கொழுப்பு அமிலம் செம்போடு கூடிப் பச்சை மெழுகாகப் பிதுங்கும். வேதியியல் கணக்கில் அது ஒருவகைச் சோப்பு.

பழசு என்றாலே விலை என்பதும் தவறு. 1835 என்று ஆண்டு பொறித்த கிழக்கிந்தியக் கம்பெனிக் காலணா மலைபோல் அச்சடிக்கப்பட்டது, இன்றும் மலிவு. போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சம்பிடிக்க 1943-இல் வந்த ஓட்டைக் காலணாவும் அப்படியே.

சென்னை மாகாணத்துக் காசின் கதை இன்னும் சுவையானது. அன்று 42 பணம் ஒரு வராகன் (பொற்காசு). 80 காசு ஒரு பணம். ஆக, ஒரு வராகனை மாற்றினால் 336 பத்துக்காசு நாணயங்கள். ஒன்று சுமார் நாலரை கிராம். மடியில் ஒன்றரைக் கிலோ செம்பு! இவற்றை அச்சடித்தது பர்மிங்காமில் மேத்யூ போல்டன் நிறுவிய சோகோ அச்சுச்சாலையின் நீராவி இயந்திரம். ஒருபுறம் கம்பெனியின் சிங்கங்கள். மறுபுறம் பாரசீக எழுத்தோடு ஆங்கில எழுத்தில் 'கேஷ்'. அது நம் 'காசு'தான்.

1808-ஆம் ஆண்டுக் காசுகளைச் சுமந்து சென்னைக்குக் கிளம்பிய 'அட்மிரல் கார்டனர்' கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. உள்ளே இருந்த செப்புக்காசு 48 டன். 1980-களில் முக்குளிப்போர் லட்சக்கணக்கில் அள்ளியெடுத்தார்கள். உப்புநீர் அரித்தவை பல. பீப்பாய்க்குள் நெருங்கிக் கிடந்து தப்பியவையோ புத்தம்புதியவை. ஒரு கையும் படாத காசுகள். வடஆற்காட்டுச் சந்தையில் தேய்ந்திருக்க வேண்டியவை, இன்று ஏலக்கடைகளில் பழுப்புத் தோல் கலையாமல் கிடைக்கின்றன.