அழுதால்தான் கேமரா வருமா?

தெக்கத்தி முகங்கள் – 17

2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில் எடுத்த அந்த செல்போன் வீடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மீன் விற்றுவிட்டு ஊர் திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய வயதான அம்மா ஒருவரை, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். அவர் அதோடு விடவில்லை. பேருந்து நிலையத்தில் நின்று நாலு பேர் காதில் விழும்படி நியாயம் கேட்டார். யாரோ படம் பிடித்தார்கள். தமிழ்நாடு முழுக்க அது ஓடியது. முதலமைச்சர் கண்டித்தார். பேருந்து ஊழியர்கள் பணியிடை நீக்கம் ஆனார்கள்.

நடவடிக்கை எடுத்தது சரிதான். ஆனால் அந்த அம்மாவைப் பற்றி நமக்கு வேறென்ன தெரியும்? எத்தனை வருஷமாகத் தலையில் மீன் சுமக்கிறார்? கரையில் ஏலம் கேட்கும்போது கையில் எவ்வளவு வைத்திருப்பார், மீதிக்கு யாரிடம் தவணை சொல்வார்? எந்த வீட்டில் சாளை கேட்பார்கள், எந்த வீட்டில் நெய்மீன் விலையை விசாரித்துவிட்டு நெத்தோலியோடு முடித்துக்கொள்வார்கள்? உள்நாட்டு ஊர்களின் அடுக்களைச் சங்கதி அவரைப் போன்றவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அதைக் கேட்க யாரும் கேமராவோடு போகவில்லை. பேருந்திலிருந்து இறக்கிவிட்ட பிறகுதான் அவர் படத்துக்கு ஆனார்.

2017 நவம்பர் 30-ம் இதே கணக்குதான். ஒக்கி புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று மேற்குக் கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அதுவரை அந்த ஊர்ப் பெயர்களைச் சரியாக உச்சரிக்கத் தெரியாத சேனல்கள் எல்லாம் குருசடி முன்னால் வண்டியை நிறுத்தின. சில நாளில் கிளம்பியும் போயின. திவ்யபாரதி ‘ஒருத்தரும் வரேல’ என்ற ஆவணப்படத்தில் அந்தக் குடும்பங்களைப் பேசவைத்தார். எடுத்தே ஆக வேண்டிய படம் அது. என் வருத்தம் வேறு. தூத்தூர்க்காரர்கள் சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள். தூண்டிலோடு வாரக்கணக்கில் கடலில் கிடப்பார்கள். குஜராத் பக்கம் வரைக்கும் தொழிலுக்குப் போவார்கள். அந்த வித்தையைப் புயலுக்கு முன்பே நம் சேனல்கள் கேட்டிருந்தால், செத்தவர்கள் யார் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

வேல்ஸ் நாட்டுக்கும் இந்தத் தலையெழுத்து இருந்தது. 1966 அக்டோபர் 21 அன்று அபர்ஃபான் என்ற சுரங்க ஊரில், மலைச்சரிவில் கொட்டி வைத்திருந்த நிலக்கரிக் கழிவு நீரில் ஊறிச் சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள். அதில் 116 பேர் பிள்ளைகள். உலகத்துக் கேமராக்கள் எல்லாம் அங்கே குவிந்தன. வெளியில் உள்ளவர்களுக்கு வேல்ஸ் என்றால் ரொம்ப நாளைக்குக் கரி படிந்த முகமும் சவப்பெட்டி வரிசையும்தான்.

நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு வேல்ஸ் கதை எதற்கு என்று கேட்பீர்கள். அது சின்ன நாடு. மொத்த சனத்தொகை 31 லட்சம். நம் மாவட்டம் 2011 கணக்குப்படி 18.7 லட்சம். பக்கத்தில் இங்கிலாந்து என்ற பெரிய வீடு. அந்த வீட்டு மொழி இவர்கள் மொழியைத் தின்றுகொண்டிருக்கிறது. 2021 கணக்கெடுப்பில் வேல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 17.8 சதவீதம்தான். தங்கள் மொழிக்குத் தனித் தொலைக்காட்சி தராவிட்டால் சாகும்வரை உண்ணாவிரதம் என்று க்வின்ஃபர் எவன்ஸ் என்ற தலைவர் 1980-இல் அறிவித்த பிறகுதான் லண்டன் இறங்கி வந்தது. 1982 நவம்பர் 1 அன்று ‘எஸ்4சி’ சேனல் ஒளிபரப்பைத் தொடங்கியது. நவம்பர் 1 நமக்கும் பெருநாள் ஆயிற்றே. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956-இல் அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன.

சொல்ல வந்த விஷயம் 2001-இல் தொடங்குகிறது. பிபிசி வேல்ஸும் கார்டிஃப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ‘கேப்சர் வேல்ஸ்’ என்ற ஒரு வேலையை ஆரம்பித்தன. ஊர் ஊராகப் போய்ப் பயிலரங்கு நடத்துவது. ஒரு தடவைக்குப் பத்துப் பேர் அளவில். அவர்களுக்குப் படமெடுத்த அனுபவம் வேண்டாம், கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டாம். முதலில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தங்கள் கதையை வாயால் சொல்ல வேண்டும். பிறகு அதைச் சுமார் 250 வார்த்தையில் எழுத வேண்டும். வீட்டு ஆல்பத்திலிருந்து ஒரு டஜன் போட்டோ. தன் குரலிலேயே வாசித்துப் பதிவு செய்து, தன் கையாலேயே படமாகக் கோக்க வேண்டும். இரண்டு நிமிஷத்தில் படம் முடிந்துவிடும். வேல்ஷிலும் சொல்லலாம், ஆங்கிலத்திலும் சொல்லலாம். பிபிசி ஆட்கள் கூட இருந்து கருவியைக் கையாளக் கற்றுக்கொடுப்பார்கள். கதை சொல்கிறவருடையது. 2008 வரை இது நடந்தது. நூற்றுக்கணக்கான படங்கள் சேர்ந்தன.

இதற்குத் தலைமை தாங்கிய டேனியல் மெடோஸ் பழைய கை. இருபத்தொரு வயதில், 1973-இல், ஒரு பழைய இரட்டை மாடி பஸ்ஸை வாங்கி அதையே வீடாகவும் போட்டோ கழுவும் இருட்டறையாகவும் ஆக்கிக்கொண்டு இங்கிலாந்தைச் சுற்றினார். தெருவில் போகிறவர்களை நிறுத்திப் படம் எடுப்பார். பிரதியை அவர்கள் கையில் காசு வாங்காமல் கொடுப்பார். பதினான்கு மாதத்தில் 958 பேர். இருபது வருஷத்துக்கு மேல் கழித்து அவர்களில் சிலரைத் தேடிப் பிடித்து மறுபடியும் படம் எடுத்தார். இந்த மனுஷனிடம் எனக்குப் பிடித்தது, எடுத்த படத்தை எடுக்கப்பட்டவரிடமே திருப்பிக் கொடுத்த அந்தப் பழக்கம்.

நம் பக்கத்து ஆட்களைப் படம் எடுத்த முதல் கூட்டத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி எழுதினார். நம் மலைகளின் காணிக்காரர்கள் அதில் மூன்றாம் தொகுதியில் வருகிறார்கள். தர்ஸ்டன் ஆட்களை நிறுத்தி மூக்கின் நீள அகலத்தைக் கருவி வைத்து அளந்தவர். அந்தத் தொகுதிகளில் உள்ள போட்டோக்களுக்குக் கீழே பெரும்பாலும் குலப்பெயர் இருக்கும். ஆள் பெயர் இருக்காது. உழைத்துச் சேர்த்த நூல்தான், இன்றைக்கும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். ஆனால் அதிலிருக்கும் ஒரு முகத்தைக் காட்டி ‘இது எங்க பாட்டா’ என்று சொல்ல ஒரு வழியும் வைக்கவில்லை.

இன்றைய டிரோன் வீடியோக்களும் ஒரு வகையில் தர்ஸ்டன் வழிதான். வள்ளுவர் சிலை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு, சூரிய உதயம். மேலேயிருந்து பார்த்தால் ஆள் புள்ளியாகத் தெரிகிறான்.

ஊர்க்காரன் கதையை ஊர்க்காரன் முன்னாலேயே சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லாமல் இல்லை. வில்லுப்பாட்டு அதுதானே. கொடை நாளில் கோயில் முன்பந்தலில் வில்லைக் குடத்தோடு சேர்த்துக் கட்டி, புலவர் வீசுகோலை எடுத்தால் கதை ஓரிரவில் முடியாது. வலத்தே பாடுகிறவர் ஒரு அடி எடுத்துக் கொடுக்க, இடத்தே பாடுகிறவர் வாங்கித் திருப்புவார். குடத்தின் வாயில் பத்தி விழுகிற ஓசையில் பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகளும் எழுந்து உட்காரும். கதைக்குரிய ஆள் எந்தக் குளத்தங்கரையில் நடந்தான், எந்த வீட்டில் பெண் எடுத்தான் என்பதெல்லாம் பந்தலில் இருக்கிற கிழவர்களுக்கு அத்துப்படி. பிசகினால் சும்மா இருக்க மாட்டார்கள். ‘அண்ணாவி, அந்தக் கொளம் இல்ல கேட்டேளா, கெழக்க உள்ளது’ என்று திருத்துவார்கள். எந்தத் தொலைக்காட்சி நிலையத்திலும் இப்படி ஒரு தணிக்கைக் குழு கிடையாது.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அநியாயமாகச் செத்தவர்கள்தான் பெரும்பாலும் அங்கே தெய்வமாகிப் பாட்டிலும் ஏறினார்கள். ஆக, நாமும் சாவுக்குப் பிறகுதான் பாடியிருக்கிறோம். ஒரு வித்தியாசம்: வில்லுப்பாட்டில் சாவு கடைசியில் வரும். அதற்கு முன்னால் பிறப்பு, வளர்ப்பு, தொழில், கல்யாணம், வழிநடை என்று ஒரு முழு ஆயுசு ஓடி முடிந்திருக்கும். சேனல்காரர்கள் கடைசி அங்கத்துக்கு மட்டும் வருகிறார்கள்.

நல்ல படங்கள் வராமலும் இல்லை. தோல்பாவைக் கூத்துக் கலைஞர்களைத் தேடி ஆர்.வி. ரமணி தென்மாநிலங்கள் முழுக்க அலைந்து எடுத்த ‘நீ எங்கே’ இருக்கிறது. வீட்டில் மராத்தி பேசி, திரைக்குப் பின்னால் நம் தமிழில் உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் சண்டை போடவைக்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்திலும் உண்டு. அவர்களைப் பற்றி நாகர்கோவில் அ.கா. பெருமாள் எழுதியவை தனிச் சொத்து. லீனா மணிமேகலையின் ‘தேவதைகள்’ ஒப்பாரி பாடும் ஒரு பெண், அநாதைப் பிணங்களை அடக்கம் செய்யும் ஒரு பெண், கடலுக்குப் போகும் ஒரு பெண் என மூவரோடு நடக்கிறது. பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய ‘பாரி’ கிராமத்து சாதாரண ஆட்களின் அன்றாடத்தை எழுத்திலும் படத்திலும் சேர்த்துவருகிறது, தமிழிலும் வாசிக்கலாம். அதில் படமெடுக்கும் எம். பழனிகுமார் மதுரைப் பக்கத்தில் மீன் விற்ற ஓர் அம்மாவின் மகன். தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கேமராவைக் கொடுத்துப் பழக்குகிறார். மெடோஸுக்கு நம்மூரில் ஒரு பங்காளி இருந்தால் இவர்தான்.

இத்தனைக்குப் பிறகும் நம் மாவட்டத்தில் எடுக்கப்படாமல் கிடப்பது ஏராளம். பனையையே எடுத்துக்கொள்வோம். பனையேறியைப் படமெடுக்காத ஆளில்லை. எல்லாப் படமும் ஒரே மாதிரி: கீழே நின்று அண்ணாந்து எடுத்தது, வானத்துக்கு எதிராக ஒரு கறுத்த உருவம், பின்னணியில் புல்லாங்குழல். அவர் முருக்குத்தடியை மரத்தில் சாய்த்துக் கால் வைக்கும் விதம், இடுப்பில் தொங்கும் அரிவாள்பெட்டி, பாளையை மெல்லிய சீவலாகச் சீவும் கை, கலயத்துக்குள் தடவும் சுண்ணாம்பு, இதெல்லாம் கிட்டே போனால்தான் தெரியும். போகட்டும், அவராவது படத்தில் இருக்கிறார். இறக்கின அக்கானியைக் காய்ச்சும் பெண் எங்கே?

விடிலிக்குள் போய்ப் பாருங்கள். ஓலைக்கூரை கறுத்துக் கிடக்கும். அடுப்புக்கு விறகும் சருகும் பொறுக்கிச் சேர்ப்பது அவள் சோலி. அக்கானி பொங்கி வரும்போது அடங்கவைப்பது, தீயை ஏற்றுவது, தணிப்பது எல்லாம் அவள் கண்கணக்கு. மணிக்கணக்காகப் புகைக்குள் நிற்க வேண்டும். பாகு பதமாகிவிட்டதா என்று ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பாள். ஒரு நொடி முந்தினால் கருப்பட்டி உறையாது, பிந்தினால் கருகும். பதம் வந்ததும் இறக்கித் துழாவி, சிரட்டைகளில் ஊற்றி ஆறவிட்டுத் தட்டி எடுப்பாள். மரத்தில் ஏறுவது அரைமணி என்றால் அடுப்படி வேலை அரைநாள். ஏறுகிற ஆள் மட்டும் சிலை வைக்கிற அளவுக்குப் படமாகியிருக்கிறார். பதநீர்க் கதையில் பாதியை நாம் விட்டுவிட்டோம் என்றுதான் நான் சொல்வேன்.

தோவாளையிலும் இதேதான். விடியும் முன்னே சந்தையில் பிச்சிப்பூ குவிந்து கிடக்கும் காட்சி ஓணத்துக்கு ஓணம் டிவியில் வரும். அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்து மடித்து, கல் பதித்த நகை மாதிரிப் பட்டையாக மாணிக்கமாலை கட்டுகிற விரல்களை யாராவது இரண்டு நிமிஷம் அசையாமல் எடுத்தால் போதும். புவிசார் குறியீடு வந்த அன்றைக்கு மாலையைத்தான் படம் பிடித்தார்கள்.

இந்த வேலைக்குப் பெரிய கேமரா வேண்டாம். கையிலிருக்கும் போன் போதும். சில காரியங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள். அவர்களையே பேசவிடுங்கள், அவர்கள் பேசுகிற பேச்சிலேயே. பாத்திரம், ஆயுதம் எல்லாவற்றுக்கும் அவர்கள் சொல்லும் பெயரைக் கேட்டு வாங்குங்கள். சோக இசை சேர்க்காதீர்கள். அடுப்புச் சத்தமும் அலைச் சத்தமும் இருக்கிறதே. வீட்டிலிருக்கும் பழைய போட்டோக்களையும் கேளுங்கள், கல்யாணப் படம், மறுவீட்டுப் படம், துபாய்க்குப் போன மகன் அனுப்பின படம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அங்கேயே அழித்துவிடுங்கள்.

எடுத்ததை முதலில் அந்த ஊரிலேயே போடுங்கள். கோயில் கொடைக்கும் ஆலயத் திருவிழாவுக்கும் எல்லா ஊரிலும் மேடை, மைக், வெள்ளைத்துணி இருக்கிறது. கச்சேரி தொடங்கும் முன் பத்து நிமிஷம் கேட்டால் ஊர்க்கமிட்டி மறுக்காது. தப்பு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்வார்கள். அதற்குப் பிறகு யூடியூபில் ஏற்றலாம்.

நாகர்கோவில் ஸ்காட் கல்லூரி, இந்துக் கல்லூரி போன்றவற்றின் தமிழ்த்துறை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாட்டார் வழக்காறு என்று மாணவர்களிடம் பழமொழித் தொகுப்பு வாங்குகிறீர்கள். அதோடு ஆளுக்கு ஒரு இரண்டு நிமிஷப் படமும் கேளுங்கள், சொந்தத் தெருவிலிருந்து, ஆள் பெயரோடு. வாசகர்களுக்கும் அதேதான். அக்கானிக் காலம் ஆடியோடு ஓய்ந்துவிடும். அதற்குள் ஒரு விடிலிக்காவது போய்வாருங்கள். எடுத்த படத்தை அந்த வீட்டில் காட்டிவிட்டு எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.

அடுத்த வாரம் மயிலாடி கல்பட்டறைகளுக்குப் போவோம்.

(தொடரும்)