மலை மூலிகை யாருக்குச் சொந்தம்?

திரிபலாப் பொடியில் சேரும் கடுக்காயும், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடப் பயன்படும் கடுக்காயும் ஒன்றேதான். ஜவ்வாது மலைக்காட்டில் அது காய்க்கிறது. மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் பொறுக்கி, உலர்த்தி, மூட்டை கட்டுகின்றன. புளி, நெல்லி, தேன், சீத்தாப்பழம், நன்னாரி வேர் என்று மலை தருவது இன்னும் நிறைய. விலை சொல்பவர் மட்டும் பெரும்பாலும் கீழிருந்து ஏறி வருகிறவர்.

2020 மே மாதம் மத்திய அரசு சிறு வன மகசூலின் குறைந்தபட்ச ஆதார விலையைத் திருத்தியபோது, கொட்டையோடு கூடிய புளி கிலோ 31 ரூபாயிலிருந்து 36 ரூபாய் ஆனது. கடுக்காய் 15 ரூபாயிலேயே நின்றது. அரசு முகமை கொள்முதல் செய்யும் இடத்தில்தான் அந்த விலை கைக்கு வரும். மற்ற இடங்களில் அது பேரத்துக்கு ஒரு பிடிமானம். அப்படியொரு விலை இருப்பதே தெரியாதவர் எதைப் பிடித்துப் பேரம் பேசுவார்?

மூலிகை என்றதும் அதன் குணத்தைப் பாட நிறையப் பேர் இருக்கிறார்கள். பறிக்கவும் விற்கவும் யாருக்கு உரிமை, தவறாகச் சாப்பிட்டால் உடம்பு என்ன ஆகும், ஏமாற்றப்பட்டால் யாரிடம் போவது என்பதை அந்த அளவுக்கு யாரும் சொல்வதில்லை. மலையில் இருப்பவருக்கு முதலில் வேண்டியது இந்த விவரம்தான் என்று நான் நம்புகிறேன்.

உரிமையிலிருந்து தொடங்கலாம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் வனத்தில் வாழும் பழங்குடியினருக்கு உடைமை உரிமை தருகிறது. தேன், மெழுகு, மூங்கில், மருந்துச் செடிகள், வேர், கிழங்கு எல்லாம் அதில் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கின்றன. பழைய வடாற்காடு மாவட்டத்து மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர் என்பதால் ஜவ்வாது மலைக்கு இது நேராகப் பொருந்தும். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் இல்லை. ஆகவே மற்ற சில மாநிலங்களின் பழங்குடிகளுக்குக் கிடைக்கும் தனிப் பாதுகாப்பு இங்கே கிடையாது. கையில் இருக்கும் வலுவான ஆயுதம் இந்தச் சட்டம்தான். அதுவும் தாமதமாகவே கைக்கு வந்தது. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் உரிமைப் பத்திரம் வழங்கும் வேலை ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது.

2012-ல் திருத்தப்பட்ட விதிகள் இன்னும் தெளிவானவை. சேகரித்ததை மலையிலேயே பதப்படுத்தலாம், சேமிக்கலாம், மதிப்புக் கூட்டலாம், பொருத்தமான வண்டியில் ஏற்றிக் காட்டுக்கு வெளியே கொண்டுபோய் விற்கலாம். தனியாகவும் செய்யலாம், கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தும் செய்யலாம். இதற்கு எந்தக் கட்டணமும் உரிமத்தொகையும் கிடையாது. வழிச்சீட்டு தேவைப்பட்டால் அதைக் கொடுக்க வேண்டியது கிராம சபை அமைத்த குழு. வழிச்சீட்டைக் காரணம் காட்டி விற்கும் உரிமையைக் குறைக்கக் கூடாது என்றும் விதி சொல்கிறது. சோதனைச் சாவடியில் மூட்டையை இறக்கச் சொல்லும்போது மலைக்காரர் நினைவில் வைத்திருக்க வேண்டிய வரி இது.

மரம் இதில் அடங்காது. சந்தனம், செம்மரம் போன்றவற்றை வெட்டுவது குற்றம்தான். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் காவல்துறை சுட்டதில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் இறந்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது காவல்துறை. இறந்தவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட மலைக்கிராமத்தார். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். தங்கள் காட்டின் கடுக்காயும் புளியும் நியாய விலைக்குப் போயிருந்தால் அவர்கள் அத்தனை தூரம் போயிருப்பார்களா என்ற கேள்வியை நம்மால் ஒதுக்கிவிட முடியாது.

உரிமை இருக்கிறது என்பதற்காக வேரோடு பிடுங்கலாமா? இலை, காய், விதை எடுத்தால் செடி பிழைக்கும். வேரையும் கிழங்கையும் பட்டையையும் எடுக்கும்போதுதான் ஆபத்து. ஊறுகாய்க்குப் பெயர்போன மாகாளிக்கிழங்கு, அளவில்லாமல் தோண்டப்பட்டதால் இன்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. காட்டைக் காக்கும் அதிகாரத்தையும் கடமையையும் இதே வன உரிமைச் சட்டம் கிராம சபையின் கையில்தான் கொடுத்திருக்கிறது. எந்த மாதம் எதை எடுப்பது, எந்தச் சரிவை இரண்டு வருடம் விட்டுவைப்பது என்று சபை தீர்மானம் போடலாம்.

அடிக்கடி தேவைப்படும் செடிகளுக்காகக் காட்டுக்குப் போக வேண்டியதே இல்லை. ஆடாதொடையையும் நொச்சியையும் மழை பிடித்ததும் முக்கால் அடி நீளக் குச்சியாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி நட்டால் போதும். இரண்டையும் ஆடு சீண்டாது. மலையில் ஆடில்லாத வீடு அரிது என்பதால் இவையே வேலியாகவும் நிற்கும். கற்பூரவள்ளியைக் கிள்ளி நட்டாலே பிழைக்கும், தண்ணீர் தேங்கினால்தான் அழுகும். வல்லாரைக்கு நிழலும் ஈரமும் வேண்டும். சாக்கடை ஓரத்தில் தழைத்திருக்கும் வல்லாரை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் பறிக்காதீர்கள், கழிவுநீரில் உள்ளதையெல்லாம் அது உறிஞ்சி வைத்திருக்கும். நிலவேம்பின் விதை மிகப் பொடியானது. மணலோடு கலந்து நாற்றங்காலில் தூவி, ஒரு மாதத்தில் எடுத்து நட வேண்டும். பூக்கும் பருவத்தில் அறுத்தால் கசப்பும் சத்தும் நிறைந்திருக்கும். தூதுவளைக்கு ஒரு பந்தல் போட்டால் துவையலுக்கும் ரசத்துக்கும் வருடம் முழுக்கத் துளிர் கிடைக்கும்.

இவற்றின் பயன் கற்பனை அல்ல. இருமலுக்கு ஆங்கில மருத்துவர் எழுதும் புரோம்ஹெக்சின், ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்துச் செய்யப்பட்டது. ஆனால் அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது. கர்ப்பிணிகள் ஆடாதொடைக் கஷாயம் குடிக்கக் கூடாது. இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லையென்றால் கஷாயத்தை நிறுத்திவிட்டுச் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அது காசநோயாக இருக்கலாம். பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனையில் இலவசம்.

சிறுகுறிஞ்சான் சர்க்கரையைக் குறைக்கும் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் மருத்துவரிடம் சொல்லாமல் அதையும் சேர்த்துக்கொண்டால், சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கி மயக்கத்தில் விழ நேரலாம்.

கீழாநெல்லியின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1988-ல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் செய்த ஆய்வு லான்செட் இதழில் வந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்திருந்தவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்பது அதன் முடிவு. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. செடி பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. கண் மஞ்சளான ஒருவரைக் கீழாநெல்லியை மட்டும் நம்பி வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் பொருள். மஞ்சள் காமாலை பித்தப்பைக் கல்லாலும் வரும், எலிக்காய்ச்சலாலும் வரும், கல்லீரல் கெட்டுப்போவதாலும் வரும். எது என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். போதாததற்குக் கீழாநெல்லியைப் போலவே தோற்றம் கொண்ட செடிகள் வயலோரம் பல உண்டு.

தோற்றத்தால் வரும் ஆபத்தில் கொடியது செங்காந்தள். மாநில மலர் என்று பெருமைப்படும் அதே செடிதான். அதன் கண்வலிக்கிழங்கைக் காட்டு வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்றுவிட்டால் உயிர் போகலாம். இலங்கையிலும் இப்படி மரணங்கள் நேர்ந்திருக்கின்றன. அதிலுள்ள கோல்சிசின் முதலில் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் தரும். அது அடங்கியதும் பிழைத்துவிட்டோம் என்று தோன்றும். அதன் பிறகுதான் நஞ்சு எலும்பு மஜ்ஜையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். இதற்கு எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து இல்லை. உப்புத்தண்ணீரோ சோப்புத்தண்ணீரோ கொடுத்து வாந்தியெடுக்க வைக்காமல், உடனே 108-ஐ அழைத்துக் கிளம்புங்கள். மிச்சமிருக்கும் கிழங்கையும் ஒரு கொத்து இலையையும் கையோடு எடுத்துப்போங்கள். என்ன நஞ்சு என்று மருத்துவர் கண்டுபிடிக்க அது உதவும்.

பாம்புக்கடி இன்னும் அவசரமானது. சிறியாநங்கை இருக்கும் இடத்துக்குப் பாம்பு வராது, கடித்தாலும் அதன் இலை விஷத்தை முறிக்கும் என்று மலையிலும் சமவெளியிலும் ஒருசேர நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை உயிரைக் குடிக்கிறது. வாயில் இலையைப் போட்டு மென்று, கசக்கிறதா இனிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் அரை மணி நேரத்தில் விஷம் ஏறிக்கொண்டே இருக்கும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல நேரம் வலியே தெரியாது, விடிவதற்குள் மூச்சுத் திணறும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் மருந்து ஒன்றுதான்: விஷமுறிவு ஊசி. அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தைப் பல பத்தாண்டுகளாக எடுத்துத் தந்துவருபவர்கள் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இருளர்கள். பழங்குடியின் அறிவு நாட்டையே காப்பாற்றும் இடம் அது. கடிபட்டவர் கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். இறுக்கிக் கட்டவோ கீறவோ வாயால் உறிஞ்சவோ கூடாது. போளூர்ச் சாலையில் மலையிறங்கும் நேரத்தையும் கணக்கில் வைத்து, கடித்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

மூலிகையறிவுக்கும் விலை உண்டு. கேரளத்தில் அகத்தியர் மலைக் காணிக்காரர்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து திருவனந்தபுரம் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ஜீவனி என்ற மருந்தைச் செய்தது. 1995-ல் தொழில்நுட்பத்தைக் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தபோது, கிடைத்த தொகையில் பாதி காணிகளுக்கு என்று ஒப்புக்கொள்ளப்பட்டு, அதற்காக 1997-ல் ஓர் அறக்கட்டளை உருவானது. பங்கீட்டில் பிறகு சிக்கல்கள் வந்தன என்றாலும், சொல்லித் தந்தவருக்குப் பங்கு உண்டு என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது.

அந்தப் பங்கைக் கேட்க நாடு முழுவதற்கும் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் இருக்கிறது. உள்ளாட்சி தோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுத வேண்டும். தன் எல்லைக்குள் வணிகத்துக்காகத் தாவரங்களை எடுக்கும் வெளியாரிடம் அந்தக் குழு கட்டணம் வசூலிக்கலாம். உள்ளூர் மக்களுக்கும் வைத்தியர்களுக்கும் இதில் விலக்கு உண்டு. 2023-ல் செய்யப்பட்ட திருத்தம், பயிரிட்டு வளர்த்த மருந்துச் செடிகளுக்கும் விலக்கு தருகிறது. அதற்குக் குழுவிடமிருந்து மூலச் சான்று வாங்க வேண்டும். இந்த விலக்கைச் சாக்காக வைத்துக் காட்டில் பறித்ததையே தோட்டத்துச் சரக்கு என்று எவரும் கணக்குக் காட்டாமல் பார்ப்பது உள்ளூர்க் குழுவின் பொறுப்பு. ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு வந்து பெரியவர்களிடம் மருந்து ரகசியம் கேட்பவரிடம், எந்த நிறுவனம், எழுத்துப்பூர்வ ஒப்புதல் எங்கே, பலனில் எங்களுக்கு என்ன என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாய் திறக்க வேண்டியதில்லை.

வாங்குபவர்களுக்கும் கொஞ்சம். புட்டியில் உரிம எண்ணும் தயாரித்தவர் முகவரியும் தேதியும் இல்லாத லேகியத்தை வாங்காதீர்கள். நீரிழிவையும் புற்றுநோயையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஏமாந்தால் 1915 என்ற நுகர்வோர் எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. 1983-ல் தொடங்கிய அரசு நிறுவனமான டாம்ப்கால் செய்யும் மருந்து அங்கே காசில்லாமல் கிடைக்கும்.

வன உரிமைக்கு மனு போடுவது பலர் பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. கிராம சபை, 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தனி உரிமைக்கு ‘அ’ படிவம், சமுதாய உரிமைக்கு ‘ஆ’ படிவம். சிறு வன மகசூல் ‘ஆ’ படிவத்தில் வரும். சான்றாகப் பழைய ஆவணம்தான் வேண்டும் என்று எந்த அதிகாரியும் வற்புறுத்த முடியாது. மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தாலும் அது ஒரு சான்று. முடிவு பாதகமாக வந்தால் 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவிடமும், அங்கேயும் சரிப்படாவிட்டால் அதன் முடிவு வந்த 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடமும் முறையிடலாம். வன உரிமையை அனுபவிக்க விடாமல் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத ஒருவர் முறைகேடாகத் தடுத்தாலோ, விளைச்சலைப் பறித்துக்கொண்டாலோ அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். வழக்கறிஞருக்குப் பணம் வேண்டாம். பட்டியல் பழங்குடியினர் எவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வாதாட ஆள் தரும். தொலைபேசி எண் 15100.

தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. வன உரிமைத் தீர்மானத்துக்கு உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு முன்பே ஊரில் நாலு பேரிடம் பேசி ஆள் சேர்த்துவிட்டுப் போங்கள். கடுக்காய், புளி, தேன், நெல்லி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை உரக்கப் படிக்கக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகல் ஒன்றை அன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள்.