நாற்பதில் வென்றது, நாற்பத்தொன்றில் தோற்றது

1993 அக்டோபர் 25 அன்று இரவு ஓட்டு எண்ணி முடித்தபோது, கனடாவை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து ஆண்ட முற்போக்கு கன்சர்வேடிவ் கட்சிக்கு 295 தொகுதிகளில் மிஞ்சியது இரண்டு. பிரதமர் கிம் கேம்பெல் வான்கூவரில் தன் சொந்தத் தொகுதியையே இழந்தார். தப்பியவர்கள் கியூபெக்கில் ஜான் ஷாரே, நியூ பிரன்ஸ்விக்கில் எல்சி வெய்ன், அவ்வளவுதான். 1984இல் பிரையன் மல்ரோனி இதே கட்சிக்கு 282இல் 211 இடங்களை வாங்கித் தந்திருந்தார். மக்களாட்சி நாடுகளில் ஆளுங்கட்சி தோற்பது வழக்கம்தான். ஆளுங்கட்சி காணாமலே போவது அபூர்வம்.

பழமைவாத ஓட்டு எங்கும் ஓடிப்போகவில்லை, உடைந்துபோனது. மேற்கே ஆல்பர்ட்டாவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் பிரெஸ்டன் மானிங் 1987இல் தொடங்கிய சீர்திருத்தக் கட்சி அதில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு 52 இடங்களைப் பிடித்தது. ஒட்டாவா எங்களை மதிப்பதில்லை, எங்கள் எண்ணெய்ப் பணம் மட்டும் வேண்டியிருக்கிறது என்ற மேற்கத்தியக் கோபம் அதன் மூலதனம். கியூபெக்கில் மல்ரோனியின் ஆட்கள் பிரிவினை கோரிய பிளாக் கியூபெக்வா கட்சியின் பக்கம் போய்விட்டார்கள். ஒன்டாரியோவின் 99 தொகுதிகளில் 98ஐ லிபரல் கட்சி அள்ளியது. நாட்டின் மொத்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு மாகாணத்தில் இருக்கிறது. அங்கே காலூன்றாமல் ஒட்டாவாவில் ஆட்சி என்பது வெறும் பேச்சு.

சீர்திருத்தக் கட்சி பெயரை மாற்றிக் கனடியக் கூட்டணி ஆனது. 2000இல் அதன் தலைவர் ஸ்டாக்வெல் டே, செய்தியாளர்களைச் சந்திக்க ஏரியில் ஜெட் ஸ்கீ ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். இளமைத் துடிப்பைக் காட்டுவதாக நினைத்திருப்பார். ஊர் சிரித்தது. பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்ற அவரது மத நம்பிக்கை செய்தியானதும், லிபரல் தரப்பு ஆள் ஒருவர் தொலைக்காட்சியில் ஊதா நிற டைனோசர் பொம்மையைத் தூக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு டொராண்டோவின் நடுத்தரக் குடும்பங்களிடம் வரிக்குறைப்பைப் பற்றிப் பேசி என்ன பயன்? ஒன்டாரியோவில் கிடைத்தது 103இல் 2.

தமிழர் வீடுகளில் அந்தக் கட்சியின் பெயர் வேறொரு காரணத்துக்காகவும் அடிபட்டது. டொராண்டோவில் 2000ஆம் ஆண்டு நடந்த தமிழர் அமைப்பொன்றின் விருந்துக்கு நிதியமைச்சர் பால் மார்ட்டின் போயிருந்தார். அதைப் புலிகளுக்கு ஆதரவு என்று நாடாளுமன்றத்தில் கிழித்தது கனடியக் கூட்டணி. தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோவில் அதை யாரும் மறக்கவில்லை.

பிறகு கனடியக் கூட்டணியின் தலைவராக ஸ்டீபன் ஹார்ப்பர் வந்தார். 2003 டிசம்பரில் இரண்டு துண்டுகளும் ஒன்றாயின. 'முற்போக்கு' என்ற அடைமொழி உதிர்ந்து வெறும் கன்சர்வேடிவ் கட்சி பிறந்தது. பழைய கட்சியின் பீட்டர் மக்கே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: தலைவர் தேர்தலில் ஒவ்வொரு தொகுதிக்கும் சமமான புள்ளிகள் இருக்க வேண்டும். ஆல்பர்ட்டாவில் உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், கியூபெக்கில் கைவிரலில் எண்ணக்கூடிய அளவே இருந்தாலும், தொகுதிக்குத் தொகுதி எடை ஒன்றுதான். மேற்கு கட்சியை விழுங்கிவிடக் கூடாது என்பதற்கான பூட்டு அது.

2004 தேர்தலில் இவர்களிடம் மறைமுகத் திட்டம் இருக்கிறது என்று லிபரல்கள் பயமுறுத்தினார்கள், அது பலித்தது. ஹார்ப்பர் அதிலிருந்து கற்றுக்கொண்ட விதம்தான் கவனிக்க வேண்டியது. அவர் கொள்கையில் மிதவாதியாக மாறவில்லை. பயப்படக் காரணமானவற்றை ஒவ்வொன்றாக அப்புறப்படுத்தினார். 2005 மார்ச்சில் மாண்ட்ரியல் மாநாட்டில், கட்சி ஆட்சிக்கு வந்தால் கருக்கலைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் எதையும் ஆதரிக்காது என்று தீர்மானம் போட வைத்தார். பிறகு கையில் எடுத்தவை எல்லாம் சின்னச் சின்ன, கண்ணுக்குத் தெரியும் வாக்குறுதிகள். ஏழு சதவீத விற்பனை வரி ஐந்தாகும். ஆறு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் 100 டாலர் வீட்டுக்கு வரும். பொருளாதார நிபுணர்கள் விற்பனை வரிக் குறைப்பைக் கேலி செய்தார்கள்; வருமான வரியைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம் என்றார்கள். ஆனால் கடை ரசீதின் அடியில் வரி குறைந்திருப்பதை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

கட்சியின் வியூகக்காரர்கள் அப்போது கற்பனை வாக்காளர்களை உருவாக்கிப் பெயர் வைத்திருந்தார்கள். சோயி என்று ஒருத்தி: சமூகவியல் பட்டதாரி, யோகா வகுப்புக்குப் போகிறவள், டொராண்டோ நகர மையத்தில் தனியாக வசிப்பவள். அவள் ஓட்டு நமக்கு எந்தக் காலத்திலும் விழாது, அவளுக்காக ஒரு டாலரும் செலவழிக்க வேண்டாம் என்பது முடிவு. டூகி என்று ஒருவன்: கைத்தொழில் செய்யும் இளைஞன், அரசியலில் அக்கறையில்லை, கொஞ்சம் முயன்றால் வருவான். எல்லோரையும் கவர வேண்டும் என்ற நினைப்பையே இவர்கள் விட்டுவிட்டார்கள். 'மிதவாத வாக்காளர்' என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வதை நான் நம்பாமல் போனது இந்தக் கதையைப் படித்த பிறகுதான்.

ஊழல் விவகாரத்தில் லிபரல்கள் தள்ளாடிக்கொண்டிருந்த 2006 ஜனவரியில் ஹார்ப்பர் தேர்தலில் வென்று, அடுத்த மாதம் சிறுபான்மை அரசு அமைத்தார். அடுத்த ஐந்தாண்டுகள் டொராண்டோவைச் சுற்றிய புறநகர் வளையத்தில் கழிந்தன. தொலைபேசிக் குறியீட்டை வைத்து '905' என்பார்கள்: பிராம்ப்டன், மிசிசாகா, மார்க்கம். அங்கே குருத்வாரா, கோயில், சீனப் புத்தாண்டு விருந்து என்று வார இறுதி முழுக்கச் சுற்றியவர் அமைச்சர் ஜேசன் கென்னி. ஒரு மேடையில் கறி சாப்பிட்டு அடுத்த மேடைக்கு ஓடுகிறார் என்று கேலிப் பெயரே வைத்தார்கள். சீனர்களிடம் ஒரு காலத்தில் வாங்கிய தலைவரிக்காக 2006 ஜூனில் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். குடும்பம், சிறுதொழில், வீட்டுக் கடன், குற்றம் என்று குடியேறிகள் அன்றாடம் கவலைப்படும் விஷயங்கள் பலவும் கன்சர்வேடிவ் பேசும் விஷயங்கள்தான். கதவு மட்டும் மூடியிருந்தது என்பது கென்னியின் வாதம். அந்த வாதத்தில் உண்மை இருந்தது.

2011 மே 2இல் பலன் கிடைத்தது. ஒன்டாரியோவில் 106இல் 73, நாடு முழுக்க 308இல் 166. தனிப் பெரும்பான்மை. ஓட்டு சதவீதம் 39.6. பிராம்ப்டனும் மிசிசாகாவும் கன்சர்வேடிவ் நீலமாயின. ஆனால் இதை மிதவாதிகளை வென்ற கதையாக மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். மீதிப் பாதி எதிர்ப்பு ஓட்டு உடைந்தது. புதிய ஜனநாயகக் கட்சி 30 சதவீதத்துக்கு ஏறியது, லிபரல்கள் 19க்கு இறங்கினார்கள். இருவரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்த தொகுதிகளில் மூன்றாமவர் நுழைந்தார்.

தமிழர்கள் அந்த அலையில் சேரவில்லை. ஆட்சிக்கு வந்த மூன்றாம் மாதமே புலிகளைத் தடைப் பட்டியலில் சேர்த்த அரசு அது. 2010 ஆகஸ்டில் 492 தமிழ் அகதிகளுடன் எம்.வி. சன் சீ கப்பல் வந்தபோது ஆள்கடத்தல், பயங்கரவாதம் என்று பேசியதும், அதைக் காட்டிக் கடுமையான சட்டம் கொண்டுவந்ததும் அதே அரசு. 2011இல் ஸ்கார்பரோ–ரூஜ் ரிவரில் ராதிகா சிற்சபைஈசன் கனடாவின் முதல் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார், புதிய ஜனநாயகக் கட்சியின் சார்பில். 2013 நவம்பரில் கொழும்பில் நடந்த காமன்வெல்த் மாநாட்டை, மனித உரிமையைக் காரணம் காட்டி ஹார்ப்பர் புறக்கணித்தார். அந்த உறுதிக்குத் தமிழர்கள் கைதட்டினார்கள். ஓட்டு அதோடு வரவில்லை.

கட்டியதை இடித்ததும் அவர்களேதான். 2015 தேர்தலில் தோல்வி நெருங்குவது தெரிந்ததும், குடியுரிமை உறுதிமொழி எடுக்கும்போது முகத்திரை கூடாது என்பதைப் பிரச்சாரத்தின் நடுவே வைத்தார்கள். 'காட்டுமிராண்டிப் பண்பாட்டுப் பழக்கங்கள்' பற்றிப் புகார் சொல்லத் தனித் தொலைபேசி எண் என்று இரண்டு அமைச்சர்கள் அறிவித்தார்கள். யாரைப் பற்றி யார் போன் செய்வது? குறி முஸ்லிம்கள் மேல்தான், ஆனால் காது கொடுத்தது பிராம்ப்டன் முழுவதும். கென்னி பத்து வருடம் சாப்பிட்ட கறி ஒரே வாரத்தில் வீண். 99 இடங்களோடு ஹார்ப்பர் விலகினார்.

2019ஐ வேகமாகக் கடக்கலாம். ஆண்ட்ரூ ஷீர் லிபரலை விட ஒரு சதவீதம் அதிக ஓட்டு வாங்கியும் 36 இடங்கள் பின்தங்கினார். ஆல்பர்ட்டாவில் குவிந்த உபரி ஓட்டு ஒன்டாரியோவில் உதவவில்லை. பழமைவாதக் கட்சி மிதவாதிகளை வெல்ல முடியுமா என்ற நம் கேள்விக்கு 2021தான் நேரான சோதனை. எரின் ஓ'டூல் கட்சிக்குள் அசல் நீலம் நான்தான் என்று சொல்லித் தலைவரானார். ஆனதும் நடுவுக்கு நகர்ந்தார்: கார்பனுக்கு ஒரு விலை உண்டு, கருக்கலைப்பு உரிமைக்கு ஆதரவு. பிரச்சாரத்தின் நடுவே துப்பாக்கித் தடை பற்றிய தன் வாக்குறுதியையே மாற்றினார். கேட்டவர்களுக்கு இரண்டு சந்தேகம் வந்தது. இவர் அன்று பொய் சொன்னாரா, இன்று பொய் சொல்கிறாரா? 119 இடங்கள். 2022 பிப்ரவரியில் சொந்த எம்.பி.க்களே 73க்கு 45 என்று ஓட்டுப் போட்டு அவரை இறக்கினார்கள். நடுவுக்குப் போனால் தோல்வி என்ற பாடத்தைக் கட்சி எடுத்துக்கொண்டது. என் கணக்கில் அது தவறான பாடம். இடம் மாறியது அவர் குற்றமாக இருக்கவில்லை, தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே மாறியதுதான் குற்றம். ஹார்ப்பர் மாண்ட்ரியலில் அதைத் தேர்தலுக்குப் பத்து மாதம் முன்பே முடித்திருந்தார்.

இன்றைய கட்சி பியேர் பொலியெவ் உருவாக்கியது. 2022 செப்டம்பரில் முதல் சுற்றிலேயே 68 சதவீதம் வாங்கித் தலைவரானவர். கார்பன் வரியை வெட்டு, வீடு கட்டு என்று மூன்று நான்கு சொற்களில் முடியும் முழக்கங்கள். வாடகையும் வட்டியும் ஏறிய காலத்தில் அவை எடுபட்டன. 2025 ஜனவரியில் கருத்துக் கணிப்புகளில் இருபது புள்ளிகளுக்கு மேல் முன்னிலை. பிறகு மூன்று மாதங்களில் எல்லாம் தலைகீழ். லிபரல் பிரதமர் ட்ரூடோ விலகினார், அவர் இடத்துக்கு மார்க் கார்னி வந்தார், வந்த கையோடு கார்பன் வரியின் நுகர்வோர் பகுதியைப் பூஜ்யமாக்கினார். டிரம்ப் வரி விதித்து, கனடா அமெரிக்காவின் 51ஆவது மாநிலமாக வேண்டும் என்றும் பேசினார். ட்ரூடோவுக்கும் கார்பன் வரிக்கும் எதிராகத் தீட்டி வைத்த கத்திக்கு எதிரே யாரும் இல்லாமல் போனது.

ஏப்ரல் 28இல் கன்சர்வேடிவ்கள் 41.3 சதவீதம் வாங்கினார்கள். 1988க்குப் பிறகு கனடியப் பழமைவாதக் கட்சி எதுவும் இவ்வளவு வாங்கியதில்லை, ஹார்ப்பரின் பெரும்பான்மையிலும்கூட இல்லை. இடங்கள் 343இல் 144, தோல்வி. லிபரல்கள் 43.8 சதவீதத்தில் 169. புதிய ஜனநாயகக் கட்சி 6 சதவீதத்துக்குச் சுருங்கியது. அந்த ஓட்டு பெரும்பாலும் கார்னி பின்னால் ஒன்றுகூடியது. 2011இல் எதிரிகள் பிரிந்ததால் வந்த வெற்றி, 2025இல் எதிரிகள் சேர்ந்ததால் போனது. சேர்த்து வைத்தது யார் என்று கேட்டால் டிரம்ப் பாதி, பொலியெவ்வைப் பற்றிய பயம் பாதி என்பேன்.

கட்சி வளரவில்லை என்று சொல்ல முடியாது. கார் ஆலைத் தொழிலாளர்களின் வின்ட்சர் வெஸ்ட், புதிய ஜனநாயகக் கட்சியின் பழைய கோட்டை, நீலமானது. டூகி வந்துவிட்டான், தன் நண்பர்களையும் அழைத்துவந்தான். போனவர்கள் வேறு ஆட்கள். ஒட்டாவா ஓரத்தில் அரசு ஊழியர்கள் நிறைந்த கார்ல்டன் பகுதி பொலியெவ்வை 2004 முதல் அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் வீடு வீடாக நடந்த லிபரல் வேட்பாளர் புரூஸ் ஃபான்ஜாயிடம் அதை அவர் இழந்தார். 91 பேர் போட்டியிட்டதால் ஓட்டுச் சீட்டே ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அத்தனை பெயர்களுக்கு நடுவில் தேடிப் பிடித்து அவரைத் தோற்கடித்தார்கள்.

பழமைவாதக் கட்சி மிதவாதிகளை வெல்ல முடியாது என்று இதிலிருந்து முடிவுகட்டினால், ஸ்கார்பரோவைப் பாருங்கள். ஸ்கார்பரோ–ரூஜ் பார்க் 2018 ஜூனில் ஒன்டாரியோ மாகாணத் தேர்தலில், மாகாண அளவில் பழைய பெயரிலேயே இயங்கிய டக் ஃபோர்டின் முற்போக்கு கன்சர்வேடிவ் கட்சிக்காக விஜய் தணிகாசலத்தைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டு கூட்டாட்சித் தேர்தலில், அதே தெருக்கள் லிபரல் கட்சியின் கேரி ஆனந்தசங்கரிக்கு அறுபது சதவீதத்துக்கு மேல் போட்டன. இருவரும் தமிழர்கள் என்பதால் சாதி சனம் பார்த்து விழுந்த ஓட்டு என்று ஒதுக்கவும் முடியாது. தணிகாசலம் 2022இலும் 2025இலும் மீண்டும் வென்றார். மார்க்கம்–தோர்ன்ஹில்லில் லோகன் கணபதியும் அப்படியே. ஒரே சமையலறை மேசையில் இரண்டு கட்சி.

ஃபோர்ட் செய்தது என்ன? வாகனப் பதிவு ஸ்டிக்கர் கட்டணத்தை ஒழித்தார். 2025 தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் 200 டாலர் காசோலை அனுப்பினார். தமிழின அழிப்புக் கல்வி வாரம் என்ற தணிகாசலத்தின் மசோதா 2021இல் அவர் ஆட்சியில்தான் சட்டமானது. எதிர்ப்பு வலுத்தால் கூச்சமில்லாமல் பின்வாங்குவார். டிரம்ப் பேசத் தொடங்கியதும் 'கனடா விற்பனைக்கு இல்லை' என்ற தொப்பியைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக நின்றார். 2025 பிப்ரவரியில் மூன்றாவது பெரும்பான்மை வாங்கினார். பொலியெவ்வின் பிரச்சாரத்தை ஃபோர்டின் தேர்தல் பொறுப்பாளரே வெளிப்படையாகத் திட்டினார். ஃபோர்டுக்கு ஆல்பர்ட்டாவைத் திருப்திப்படுத்த வேண்டிய அவசியம் இல்லை என்பது நியாயமான சமாதானம். ஹார்ப்பருக்கு அந்த அவசியம் இருந்தது, ஆனாலும் முடிந்ததே.

தோற்ற தலைவர் நாடாளுமன்றத்துக்குத் திரும்ப, ஆல்பர்ட்டாவில் பேட்டில் ரிவர்–குரோஃபுட் எம்.பி. இடம் விட்டுக் கொடுத்தார். 2025 ஆகஸ்ட் இடைத்தேர்தலில் பொலியெவ் சுமார் 80 சதவீதம் வாங்கினார். அங்கே எந்த மிதவாதியின் கதவையும் தட்ட வேண்டியதில்லை. தட்ட வேண்டிய கதவுகள் மார்க்கம்–யூனியன்வில் போன்ற இடங்களில் இருக்கின்றன. ஏப்ரலில் அந்தத் தொகுதியை லிபரல்களிடமிருந்து பறித்துக் கொடுத்த மைக்கேல் மா, டிசம்பரில் லிபரல் வரிசைக்கே போய் உட்கார்ந்துவிட்டார்.