கூப்பன் கேட்காத நூல்கண்டு

இருப்பதை வைத்துச் சமாளிப்பது என்பது ஒரு குடும்பத்தின் சாமர்த்தியமாக, இன்னும் குறிப்பாக அக்குடும்பத்துப் பெண்ணின் சாமர்த்தியமாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. கட்டும் செட்டுமாகக் குடித்தனம் நடத்துகிறவர் என்று ஒருவரைப் பாராட்டும்போது, அவருடைய மன உறுதி பாராட்டப்படுகிறதே தவிர, அவர் கையில் இருந்த பொருள் எத்தகையது, அதைப் பழுதுபார்க்க அவர் எங்கே கற்றார், அதற்கு அவருக்கு நேரம் எப்படிக் கிடைத்தது என்ற கேள்விகள் எழுவதில்லை. இரண்டாம் உலகப்போரின்போதும் அதன் பின்னும் பிரிட்டன் என்ற ஒரு நாடே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பழைய துணியைத் தைத்தும் திருப்பியும் உடுத்தி வாழ நேர்ந்தது. அந்த வரலாறு இக்கேள்விகளுக்கு மிகத் தெளிவாக விடை சொல்கிறது.

1939 செப்டம்பரில் போர் தொடங்கியபோது, பிரிட்டனுக்கு வேண்டிய பருத்தி முழுவதும் கம்பளியில் பெரும்பகுதியும் கடல்வழியாகவே வந்துகொண்டிருந்தன. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், கப்பலில் இருந்த இடம் உணவுக்கும் போர்த்தளவாடத்துக்கும் ஒதுக்கப்பட, துணிக்கான மூலப்பொருள் பின்னுக்குத் தள்ளப்பட்டது. வந்து சேர்ந்ததிலும் பெரும்பங்கு சீருடைகளுக்குப் போயிற்று. மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் ஏதேனும் ஒரு சீருடை அணியும் நிலையில் இருந்தனர். 1940 அக்டோபரில் விதிக்கப்பட்ட கொள்முதல் வரியும் சேர்ந்து துணிவிலை ஏறியது. அப்படியே விட்டிருந்தால் பணம் உள்ளவர்கள் அலமாரியை நிரப்பிக்கொள்ள, மற்றவர்கள் கந்தலோடு நின்றிருப்பார்கள் என்பதால், விலை கொடுக்க முடிந்தாலும் குறிப்பிட்ட அளவுக்குமேல் யாரும் வாங்க முடியாதபடி துணிக்கும் பங்கீடு கொண்டுவர அரசு முடிவு செய்தது.

முன்கூட்டியே தெரிந்தால் மக்கள் கடைகளைக் காலிசெய்துவிடுவார்கள் என்பதால் திட்டம் இரகசியமாகவே காக்கப்பட்டது. 1941 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை, மறுநாளும் விடுமுறை என்று கடைகள் அடைத்திருந்த நேரத்தில், வணிகத்துறைப் பொறுப்பில் இருந்த அமைச்சர் ஆலிவர் லிட்டில்டன் அதை வானொலியில் அறிவித்தார். துணிக்கென்று தனிச் சீட்டு அச்சிட்டால் செய்தி கசிந்துவிடும் என்று, உணவுப் பங்கீட்டுப் புத்தகத்தில் பயன்படாமல் இருந்த மார்கரின் கூப்பன்களையே, அதாவது வெண்ணெய்க்கு மாற்றாகப் பயன்படும் கொழுப்புப் பண்டத்துக்கான சீட்டுகளையே, முதலில் துணிக்கும் செல்லுபடியாக்கினார்கள். பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 66 கூப்பன். பெண்களுக்கான கம்பளிக் கவுனுக்கு 11 கூப்பன், காலுறை ஒரு ஜோடிக்கு 2, பெண்கள் காலணிக்கு 5, ஆண்கள் காலணிக்கு 7 என்று கணக்கு வகுக்கப்பட்டது. கூப்பன் பணத்துக்கு மாற்று அல்ல. விலையையும் கொடுத்துக் கூப்பனையும் கொடுத்தால்தான் துணி கைக்கு வரும்.

இந்தப் பட்டியலில் கூர்ந்து பார்க்க வேண்டியது, கூப்பன் தேவையில்லை என்று விலக்கப்பட்ட பொருள்களின் வரிசையாகும். தையல் நூல், கிழிசல் தைப்பதற்கான கம்பளி நூல், நாடா, எலாஸ்டிக் ஆகியவற்றோடு பழைய துணிகளுக்கும் தொடக்கத்தில் கூப்பன் கேட்கப்படவில்லை. புதிய துணிக்கு வாசலைக் குறுக்கிய அரசு, பழைய துணியைக் காப்பாற்றும் வழியை மட்டும் அகலத் திறந்து வைத்தது. சிக்கனத்தை மக்களிடம் கேட்பதற்கு முன், அதற்கு வேண்டிய ஊசியும் நூலும் தடையின்றிக் கிடைக்கச் செய்த இந்தச் சிறு ஏற்பாடு, பின்னால் வந்த சுவரொட்டிகள் அனைத்தையும்விட மதிப்புடையது.

சுவரொட்டிகளும் வரத்தான் செய்தன. 1943இல் 'மேக் டூ அண்ட் மெண்ட்' என்ற கையேடு ஹியூ டால்டன் என்ற அமைச்சரின் முன்னுரையோடு வெளியாயிற்று. இருப்பதைக் கொண்டு சமாளி, பழுதானதைச் சரிசெய் என்பது அத்தலைப்பின் பொருள். துணியால் செய்த பொம்மையைப்போல வரையப்பட்ட 'மிஸஸ் ஸியூ அண்ட் ஸியூ' என்ற கற்பனைப் பெண் துண்டறிக்கைகளில் தோன்றித் தையல் சொல்லிக்கொடுத்தார். பொதுவான அறிவுரையைக் குறைத்துக் கைவேலையை நிறையச் சொன்னதுதான் இந்த இயக்கத்தின் பலம்.

அந்தக் கைவேலையின் நுட்பம் வியப்புக்குரியது. ஓட்டையை நிரப்பும் தையல், ஓட்டையை இழுத்துப் பிடித்து முடிச்சுப் போடுவது அன்று. முதலில் நெடுக்காக இழைகளை ஓட்டி, பிறகு அவற்றினூடே ஒன்றுவிட்டு ஒன்றாகக் குறுக்கிழையைக் கோத்து, தறியில் பாவும் ஊடையும் சேர்வதுபோல அந்த இடத்திலேயே புதுத்துணி நெய்வதாகும். தேர்ந்தவர்கள் ஓட்டை விழும்வரை காத்திருக்கவும் மாட்டார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, துணி நைந்து மெலிந்த இடத்திலேயே இழையோட்டிவிடுவார்கள். கிழிசலைத் தைத்த பிறகே துவைக்க வேண்டும், ஏனெனில் தண்ணீரில் அலசும்போது சிறு கிழிசல் பெரிதாகிவிடும் என்பதும் அக்காலப் பாடங்களுள் ஒன்று. படுக்கை விரிப்பு நடுவில்தான் நையும், ஓரங்கள் புதிதாகவே இருக்கும். எனவே அதை நடுவே நெடுக்காகக் கிழித்து, இரண்டு ஓரங்களையும் நடுவில் வருமாறு மூட்டி, நைந்த பகுதி இரு பக்கமும் தொங்கும்படி அமைத்தார்கள். சட்டைக் காலரின் மடிப்பு தேய்ந்துபோனால் தையலைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பித் தைத்தார்கள். இவை எதுவும் அந்த ஆண்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. ஏழை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்த அறிவே அப்போது அரசின் முத்திரையோடு எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

கம்பளிப் பின்னலாடைக்கு இன்னொரு வழி இருந்தது. நெய்த துணியைப்போல் அன்றி, பின்னலாடை ஒரே நூலின் வளையங்களால் ஆனதாகையால், அதை ஒரு முனையிலிருந்து இழுத்தால் முழுவதும் நூலாகப் பிரிந்துவிடும். அப்படிப் பிரித்ததும் நூல் சுருள்சுருளாகவே நிற்கும். அதைக் கண்ணியாகச் சுற்றி, அலசி, கீழே கனம் கட்டித் தொங்கவிட்டால் சுருக்கம் நீங்கி மீண்டும் பின்னுவதற்கு ஏற்றதாகும். அப்பாவின் ஸ்வெட்டர் இவ்வாறு மகனுக்கும், மகனுடையது சிறிதானபின் குழந்தையின் காலுறைக்கும் மாறியது. விமானத் தாக்குதலுக்கு அஞ்சி ஜன்னல்களை மூடுவதற்கென்று கூப்பனின்றி விற்கப்பட்ட கறுப்புத் துணியும் பாவாடையாக மாறியது; இராணுவம் கழித்துவிட்ட பாராசூட்டுகளின் பட்டும் நைலானும் உள்ளாடைகளாகவும் திருமண உடைகளாகவும் தைக்கப்பட்டன.

இவ்வளவு வேலையையும் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதை அன்றைய துண்டறிக்கைகள் இயல்பான ஒன்றாக எடுத்துக்கொண்டன. ஆனால் 1941 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் 20 முதல் 30 வயது வரையிலான மணமாகாத பெண்களைக் கட்டாயப் பணிக்கு அழைத்தது. மணமான பெண்களும் பெருமளவில் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தனர். பகலெல்லாம் எந்திரத்தோடு நின்று, கடை வரிசைகளிலும் காத்திருந்து வீடு திரும்பியவர், இரவில் மங்கிய விளக்கில் காலுறைக்கு இழையோட்ட வேண்டியிருந்தது. பணம் மிச்சமாயிற்று என்று எழுதப்படும் கணக்கில் அந்த இரவுகள் சேர்க்கப்படாமல் போனது நியாயமன்று. இச்சுமையைச் சற்றுக் குறைத்தவை கூட்டு முயற்சிகளே. ஊருக்கு ஊர் தையல் வகுப்புகள் நடந்தன. முன்னாள் இந்திய வைஸ்ராய் ரீடிங் பிரபுவின் மனைவியாக இருந்த ஸ்டெல்லா ரீடிங் 1938இல் தொடங்கிய பெண்கள் தொண்டுப் படை, குழந்தைகளின் உடைகளுக்கு மாற்று நிலையங்களை நடத்தியது. வளர்ந்த குழந்தைக்குச் சிறிதாகிவிட்ட உடையைக் கொடுத்துவிட்டு அடுத்த அளவு உடையைத் தாய்மார் பெற்றுச் சென்றனர்.

இனி, இந்த வரலாற்றின் மையமான பகுதிக்கு வரலாம். எல்லோருக்கும் 66 கூப்பன் என்பது சமமாகத் தோன்றினாலும், அது சமமாக இல்லை. வசதி உள்ளவரின் அலமாரியில் போருக்கு முன்பே நல்ல கம்பளிக் கோட்டுகள் இருந்தன. அவற்றைத் திருப்பித் தைத்தால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். ஏழையின் வீட்டில் இருந்ததோ ஏற்கெனவே பலமுறை தைக்கப்பட்டு, ஊசி குத்தினால் தாங்காத துணி. கடையிலும் இதே நிலைதான்: விலை உயர்ந்த கோட்டுக்கும் மட்டமான கோட்டுக்கும் ஒரே எண்ணிக்கைக் கூப்பன் என்பதால், பணம் உள்ளவர் அந்தக் கூப்பனைக் கொண்டு நீண்டநாள் உழைக்கும் உடையை வாங்க, இல்லாதவர் அடுத்த குளிர்காலத்துக்குள் நைந்துபோகும் உடையை வாங்கினார். இருப்பதை வைத்துச் சமாளி என்ற அறிவுரை, சமாளிக்கத் தக்க பொருள் இல்லாதவரிடம் சொல்லப்படும்போது கொடுமையாகிவிடுகிறது.

இதற்கு விடையாக வந்ததுதான் 'யூட்டிலிட்டி' திட்டம், அதாவது பயன்பாட்டை முதன்மையாகக் கொண்ட உடைத் திட்டம். துணியின் நெசவு, எடை, இழையின் தரம் ஆகியவற்றை அரசே வரையறுத்து, அதன்படி தைத்த உடைகளுக்கு விலைக்கும் உச்சவரம்பு வைத்து, 1942 ஆகஸ்டில் கொள்முதல் வரியிலிருந்தும் அவற்றுக்கு விலக்களித்தது. 'சிசி 41' என்ற எழுத்துகள் பொறித்த முத்திரை அவற்றில் இருக்கும். நார்மன் ஹார்ட்னெல், ஹார்டி ஏமிஸ் போன்ற முன்னணி உடை வடிவமைப்பாளர்களும் இத்திட்டத்துக்கு மாதிரிகள் வரைந்தனர். கூடவே, 1942இல் வந்த கட்டுப்பாட்டு ஆணைகள் பொத்தான், சட்டைப்பை, மடிப்பு ஆகியவற்றின் எண்ணிக்கையைக் குறைத்து, கால்சட்டையின் அடிமடிப்பையும் தடைசெய்தன. அடிமடிப்புத் தடை ஆண்களுக்குப் பெரும் எரிச்சலை ஊட்டிற்று. அளவுக்கு மீறி நீளமாக வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டவர்கள் உண்டு. 1944இல் ஆண்கள் உடைக்கான இக்கட்டுப்பாடுகள் விலக்கப்பட்டன. எனினும் திட்டத்தின் நோக்கம் சரியானதே: வெட்டப்பட்டவை அலங்காரங்கள், துணியின் உறுதியில் அரசு கைவைக்கவில்லை. மலிவு என்றால் மட்டம் என்ற வழக்கத்தை, சில ஆண்டுகளுக்கேனும், அது மாற்றியது.

இந்த நியாய உணர்வு கடல் கடக்கவில்லை என்பதையும் சொல்லாமல் விடலாகாது. கையேடு வெளியான அதே 1943இல், அதே அரசின் ஆட்சிக்குட்பட்ட வங்காளத்தில் பஞ்சத்தாலும் தொடர்ந்த நோயாலும் ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டனர்; உடுத்தத் துணியின்றி வீட்டைவிட்டு வெளியே வர முடியாத நிலையில் பெண்கள் இருந்தனர். பிரிட்டனில் ஒழுங்காக நடந்த பங்கீடு, மக்களைக் காக்க வேண்டும் என்ற முடிவு இருந்தால் எதைச் செய்ய முடியும் என்பதற்குச் சான்று. வங்காளம், அந்த முடிவு எடுக்கப்படாததற்குச் சான்று.

போர் முடிந்ததும் துணித் தட்டுப்பாடு முடிந்துவிடவில்லை. 1945 செப்டம்பர் முதல் 1946 ஏப்ரல் வரையிலான எட்டு மாதங்களுக்குக் கிடைத்தவை 24 கூப்பன்களே. 1947 நவம்பர் 20 அன்று நடந்த இளவரசி எலிசபெத்தின் திருமண உடைக்கும் கூப்பன் வேண்டியிருந்தது. பெண்கள் பலர் தங்கள் கூப்பன்களை அன்போடு அனுப்பியபோது, ஒருவருடையதை மற்றவர் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம் என்பதால் அவை திருப்பி அனுப்பப்பட்டன. 1949 மார்ச் 15 அன்று துணிப் பங்கீடு நீக்கப்பட்டது.

அதன்பின் துணி மலிந்தது. தைப்பதற்குக் கொடுக்கும் கூலி புதுத்துணியின் விலையை நெருங்கியதும் தைக்கும் பழக்கம் தானாகத் தேய்ந்தது. இதை மக்களின் சோம்பல் என்று குறைகூறுவது தவறு. விலையின் கணக்கே அப்படி அமைந்துவிட்டது. அந்தக் கணக்கை மாற்ற அண்மை ஆண்டுகளில் சில அரசுகள் முயன்றிருக்கின்றன. ஸ்வீடன் 2017இல் துணி, காலணி, மிதிவண்டி ஆகியவற்றைப் பழுதுபார்ப்பதற்கான வரியை 25 விழுக்காட்டிலிருந்து 12ஆகக் குறைத்தது. பிரான்சில் 2023 நவம்பர் முதல் துணியையும் காலணியையும் சரிசெய்யும் கூலியில் ஒரு பகுதி கழிவாகக் கிடைக்கிறது. கூப்பன் கேட்காத நூல்கண்டின் வழியில் வந்தவை இவை. ஆனால் யூட்டிலிட்டி திட்டம் செய்ததுபோலத் துணியின் தரத்துக்கே வரையறை வைத்து, அதை எளியவர் வாங்கும் விலையில் விற்கும் துணிவு இன்னும் போதுமான அளவு வரவில்லை. 1952இல் முடிவுக்கு வந்த அத்திட்டத்தின் முத்திரை தாங்கிய கோட்டுகளைப் பழைய உடைகளைச் சேகரிப்போர் இன்றும் தேடி வாங்குகின்றனர். அவற்றுள் உடுத்தத்தக்க நிலையில் இருப்பவற்றை உடுத்தியும் வருகின்றனர்.