புரவலர் போனபின்

சோவியத் மொசைக்கும் காளஹஸ்தி கலம்காரியும் சந்தித்த ஒரே கேள்வி: பணம் கொடுத்தவர் மறைந்தபின் படத்துக்கு யார் பொறுப்பு?

லால் பகதூர் சாஸ்திரி காலமான நகரம். தாஷ்கண்ட் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் மறைந்து மூன்றரை மாதம் கழித்து, 1966 ஏப்ரல் 26 அதிகாலை, பூகம்பம் அந்நகரின் பெரும்பகுதியைச் சாய்த்தது. அவசரமாக எழுந்த அடுக்குமாடிகள் எல்லாம் ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகள், ஒரே அச்சு. அந்தச் சலிப்பைப் போக்கியவர்கள் ஜார்ஸ்கி சகோதரர்கள். ஜன்னலில்லாத பக்கச் சுவர்களை வண்ண ஓடுகளால் நிரப்பினார்கள்.

சோவியத் நாடெங்கும் இதே கதைதான். பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடம், தொழிற்சாலை என எங்கும் மொசைக். ஓவியக்கூடத்தை எட்டிப் பார்க்காதவர் கண்ணிலும் படம் பட வேண்டும் என்பது நோக்கம். பிரசாரமும் கூடவே நடந்தது. செலவு அரசாங்கத்துடையது. 1991இல் அந்த அரசாங்கமே இல்லாமல் போனது.

இதே சங்கடத்தை முன்பே சந்தித்த ஊர் ஸ்ரீகாளஹஸ்தி. முன்பு சித்தூர் மாவட்டம், 2022 முதல் திருப்பதி மாவட்டம். இங்கே கோயில் சுவர்களில் தொங்கிய கலம்காரித் திரைகள்தான் ஊர்மக்களின் ஓவியக்கூடம். கட்டம் கட்டமாக ராமாயணம், கீழே தெலுங்கில் விளக்கம். கடுக்காயும் பாலும் ஏறிய துணியில் மூங்கில் எழுதுகோலால் வரைவார்கள். கறுப்பு மை இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துச் செய்தது.

ஆதரித்தவர்கள் குறையவே கலையும் தேய்ந்தது. 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாய் முயற்சியால் பயிற்சி மையம் வந்தது. 2008இல் காளஹஸ்திக் கலைஞர் ஜொன்னலகட்ட குரப்ப செட்டிக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. கலம்காரி பிழைத்துக்கொண்டது. ஆனால் விலை கொடுத்துத்தான். கோயிலில் எல்லோரும் பார்த்த படம் சேலையாகவும் வரவேற்பறை அலங்காரமாகவும் மாறியது. முழுக் காவியத்தையும் தீட்டப் பல மாதம் வேண்டும். மயில், தாமரை போதும் என்பவருக்குச் சீக்கிரம் முடித்துத் தரலாம்.

மொசைக்குக்கு அந்த வழியும் இல்லை. துணியைச் சுருட்டி விற்கலாம், சுவரை விற்க முடியாது. குளிருக்காகச் சுவரில் பலகை அடித்தால் படம் உள்ளே மறைந்துவிடும். உக்ரைனில் 2015இல் கம்யூனிசச் சின்னங்களைத் தடை செய்யும் சட்டம் வந்தபோது, அரிவாள் சுத்தியல் இருந்த சுவர்களுக்கும் ஆபத்து வந்தது.

ஆனால் சோவியத் காலத்தது எல்லாமே சோவியத் அரசின் குரல் என்று தள்ளிவிட முடியாது. உக்ரைன் ஓவியர் அல்லா ஹோர்ஸ்கா கூட்டாகப் படைத்த வண்ணக் கண்ணாடி ஓவியத்தை 1964இல் கீவ் பல்கலைக்கழகத்தில் அதிகாரிகளே உடைத்தார்கள். மூன்றாண்டு கழித்து அவர் சகாக்களுடன் மரியுபோல் நகரில் சிறகு விரித்த வல்லூறு ஒன்றை மொசைக்கில் படைத்தார். 1970இல் கொலை செய்யப்பட்டார். அந்த வல்லூறு 2022 போரில் சிதைந்தது.

காளஹஸ்தியில் கலையைக் காப்பாற்ற வாங்குபவர்கள் வந்தார்கள். மொசைக்கைக் காப்பாற்ற வேண்டியவர்கள் அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள். யார் சொல்லி வரைந்தது என்பதை மறந்து, தங்கள் வீட்டுச் சுவர் என்று அவர்கள் நினைத்தால்தான் படம் நிற்கும்.